தட்டு வைத்த சக்கரம்

மாயாண்டி அன்றைக்குச் சைக்கிளில் ஏறி வரவில்லை. சைக்கிள்தான் மாயாண்டியின் தோளில் ஏறி வந்தது. ஆனி மாதத்து மழை ஒரு வாரமாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் அவன் வந்து நின்றபோது போர்த்தியிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வலது முட்டி வீங்கி, கால் தரையில் பாவவில்லை. உள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு வெகுநேரம் துடைத்தார்.

“எத்தினை மணி எண்டு நீயே சொல்லு.”

“பதினொண்ணரைங்க அய்யா.”

“தபால் எத்தினை மணிக்கு இஞ்ச வரவேணும்?”

“பத்து மணிக்குங்க. செயின் பின்சக்கரத்துக் கம்பிக்குள்ள பூந்துருச்சுங்க. நாலு கம்பி அறுந்துபோச்சு.”

“போன மாதமும் கம்பி. அதுக்கு முதல் மாதமும் கம்பி. துரை கேக்கிறது என்னட்டை, உன்ர சைக்கிளிட்டை இல்லை. இனி ஒருக்கா பத்து மணி தாண்டினால் பையை இந்த மேசையில வைச்சிட்டு அடுத்த நாள் கவ்வாத்துக் கத்தியோட மலைக்குப் போ. விளங்கிச்சுதோ?”

விளங்கியது. மாயாண்டிக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? மூன்று வருசத்துக்கு முன்னால் ஆறாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் சறுக்கிக் கான் என்கிற வடிகாலுக்குள் விழுந்தான். முட்டி அன்றைக்குப் போனது. லேசான வேலைதான் கொடுக்க வேண்டுமென்று டாக்டரய்யா எழுதிய துண்டால்தான் தபால் வேலை கிடைத்தது. திரும்ப மலைக்குப் போனால் ஒரு வாரம் தாங்க மாட்டான். வேலைக்கு வராதவனுக்குப் பெயர் வெட்டு. பெயரை வெட்டினால் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லும் பத்துச்சீட்டு. புருசனுக்குச் சீட்டு வந்தால் பெண்சாதியும் பிள்ளைகளும் கூடவே மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் காலத்துத் தோட்டச் சட்டத்துக்குக் குடும்ப ஒற்றுமையில் அவ்வளவு அக்கறை.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு நாலு மைல். நாலு மைலும் ஏற்றம். நல்ல காலுள்ளவன் சாதாரணச் சைக்கிளில் வந்தாலும் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மாயாண்டியால் மிதித்தே வர முடிந்ததென்றால் அதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரச் சின்னதுரை. அவன் சீமையிலிருந்து ஐந்து கியர் வைத்த சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய காதலியின் கடிதங்களை மாயாண்டி ஒரு நாளும் பிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கடைசியில் அவளைக் கட்டிக்கொள்ள ஊருக்குப் புறப்பட்டபோது, சின்னதுரை சைக்கிளை மாயாண்டியிடமே விட்டுவிட்டுப் போனான்.

பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரம், சின்னதிலிருந்து பெரியது வரைக்கும். கீழே ஒரு இரும்புக் கை தொங்கும். கியர்க் கட்டையை இழுத்தால் அந்தக் கை செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளிப் போடும். ஏற்றத்தில் செயின் பெரிய பல்லில் கிடந்தால்தான் மாயாண்டியின் முட்டியால் மிதிக்க முடியும். ஆனால் அந்தப் பெரிய பல்லுக்கும் சக்கரத்துக் கம்பிகளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்துதான். கை கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் செயின் பல்லைத் தாண்டி அந்தச் சந்துக்குள் விழும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கம்பியைக் கடித்து அறுத்துவிடும்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வட்டகொடையில் சைக்கிள் பழுது பார்க்கும் பாஸ் ஒரு சிங்களவர். மூன்று தடவையும் கம்பி போட்டுக் கொடுத்தவர். “கியர் எப்பா மாயாண்டி, வேணாம்! கழட்டி எறிவம்,” என்று இரண்டு பாஷையிலும் சொல்லிப் பார்த்தார். கியரைக் கழற்றினால் முட்டி கேட்காது. பெரிய பல்லுக்குப் போகாமல் கம்பியால் கட்டி வைத்தாலும் முட்டி கேட்காது. நடந்து வந்தால் கடிகாரம் கேட்காது.

பாஸ் கம்பி போட்டுக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு மாயாண்டி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி பேச்சியம்மா பறித்த கொழுந்தை எடைக்குப் போட்டுவிட்டு வந்து, ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள். ரொட்டி சுட்டு, மிளகாய்ச் சம்பல் அரைத்து, அலுமினியத் தட்டில் வைத்து அவன் கையில் கொடுத்த பிறகுதான் பேசினாள்.

“பாஸு என்னதான் சொல்றாரு?”

“சீமையில இதுக்குன்னு ஒரு தகடு இருக்காம் புள்ள. வட்டமா, பெரிய பல்லுக்கும் கம்பிக்கும் நடுவுல மாட்டுறது. செயின் துள்ளுனா அதுல இடிச்சி நின்னுருமாம், கம்பிக்குப் போகாதாம். இங்க எங்கயும் கெடைக்காதுங்கிறாரு.”

“நாமளே வெட்டிக்கிட்டா?”

“மண்ணெண்ண டின்னுத் தகரத்துல வெட்டிப் பாத்தேன். வெரலாலயே வளையுது. செயின் அதப் பேப்பர் மாதிரி கிழிச்சிரும்.”

பேச்சியம்மா அவன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துண்டு வாய்க்குள் போனதும் தட்டைப் பிடுங்கிக் கழுவி, சக்கரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். தட்டு பெரிய பல்லை விட நாலு விரல் அகலமாக இருந்தது. கனமான தட்டு; தலவாக்கலைச் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கியது.

“ஓரத்த வெட்டிட்டு நடுவுல ஓட்ட போட்டா?”

“இது என் தட்டுல்ல. நான் எதுல சாப்புடுறது?”

“சட்டியிலயே சாப்புடுங்க. உங்களுக்கு வேல இருந்தாத்தான அதுல போட ஏதாச்சும் இருக்கும்?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த லியனார்டைப் பேக்டரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். லியனார்ட் பேக்டரி பிட்டர். கொழுந்து அரைக்கும் உருளைகளையும் சல்லடைகளையும் ஓட வைப்பவன். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “சாப்பாட்டுத் தட்டையா கொண்டாந்திருக்கீங்க, அக்கா?” என்று சிரித்தான். ஆனால் வேலையில் சிரிப்பில்லை. தட்டின் விளிம்பை வெட்டி எறிந்து, குழிவு போகத் தட்டிச் சமமாக்கினான். பெரிய பல்லை விட அரை விரல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வட்டம் போட்டான். சக்கரத்தை வைஸ் இடுக்கியில் இறுக்கி, பல்சக்கரங்களை மொத்தமாகத் திருகிக் கழற்றி, அவை ஏறும் புரியில் தட்டைச் செருகி, மேலே பல்சக்கரங்களைத் திரும்பவும் முறுக்கினான். தட்டு கம்பிகளை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது.

பிறகு சைக்கிளின் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

“அண்ணே, எங்க விழுந்தீங்க?”

“நான் விழவே இல்ல தம்பி.”

“செயினத் தள்ளுற கை நேராத் தொங்கணும். இது சக்கரத்துப் பக்கமா உள்ளுக்கு வளஞ்சிருக்கு. அதனாலதான் செயின் கூடுதலாப் போயி விழுகுது. வலப்பக்கமா எங்கயோ நல்லா அடிபட்டிருக்கு.”

“சத்தியமா விழல தம்பி. மூணு வருசத்துல ஒரு தடவ விழல.”

அவன் பொய் சொல்லவில்லை. லியனார்ட் தோளைக் குலுக்கிவிட்டு அந்தக் கையையும் நிமிர்த்திக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேலிக்குக் குறைவில்லை. “மாயாண்டி சைக்கிளுக்குத் தட்டு வச்சிட்டான், இனி கறியும் சோறும் போட வேண்டியதுதான்,” என்றார்கள். மாயாண்டியும் கூடச் சேர்ந்து சிரித்தான். திங்களும் செவ்வாயும் ஒன்பதே முக்காலுக்கே தபால் ஆபீசுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை மூன்றாம் மைல்கட்டைத் திருப்பத்தில் கியர்க் கட்டையை இழுத்ததும் செயின் மறுபடி துள்ளியது. கறகறவென்று தட்டை உராய்ந்து, பல்லுக்கும் தட்டுக்கும் நடுவில் சிக்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் தட்டில் நீளமாக ஒரு கீறல்; கம்பி ஒன்றுகூடப் போகவில்லை. கையெல்லாம் கிரீசாகச் செயினைப் பிடுங்கி எடுத்துப் போட்டு, ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது பத்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிசம். பெரிய கிளாக்கர் கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியில் கை வைத்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

லியனார்ட் நிமிர்த்திக் கொடுத்த இரும்புக் கை மூன்று நாளில் எப்படித் திரும்ப வளைந்தது? பேச்சியம்மாவுக்கு இந்தக் கேள்வி சோறு இறங்கவிடவில்லை.

வியாழக்கிழமை ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிப்பு. ஏழாம் நம்பரில் நின்றால் ரோட்டுப் பாலத்திலிருந்து மூன்றாம் கட்டைத் திருப்பம் வரைக்கும் கீழே தெரியும். மழை வெறித்து, மிசுட்டு மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது. மிசுட்டு என்றால் மலையில் மூடுபனி. பேச்சியம்மாவின் கை அதன் பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தது, கண் ரோட்டில். பாலத்தைத் தாண்டி மாயாண்டியின் சிவப்புத் தலைக்கட்டு தெரிந்தது.

எதிரே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அய்யா நடந்து வந்தார். மாயாண்டி சைக்கிளை விட்டுக் குதித்தான். சைக்கிளைக் கானோரத்துக் கல்லில் படுக்க வைத்தான். கானுக்குள் இறங்கி நின்றான். ஒரு கையால் தலைக்கட்டை அவிழ்த்தான், ஒரு கையால் சலாம் போட்டான். கண்டாக்கு போனதும் சைக்கிளைத் தூக்கினான். ஏற்றத்தில் அந்த முட்டியோடு திரும்ப ஏற முடியாது. கொஞ்சம் சமமான இடம் வரும் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் ஏறினான். ஏறி நாலு மிதி மிதிப்பதற்குள் பேக்டரி டீமேக்கரின் மோட்டார் சைக்கிள். திரும்பக் குதித்தான், திரும்பப் படுக்க வைத்தான், கானுக்குள் நின்றான். அப்புறம் டாக்டரய்யாவின் கார். அதற்கப்புறம் துரையின் கார்.

பேச்சியம்மா இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். ஆபீஸ்காரர்களும் துரைமாரும் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி ஒதுங்கி நிற்பதை அவள் பிறந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், தலைக்கட்டு இருந்தால் அவிழ்க்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் அதைச் சைக்கிளுக்காகப் பார்த்தாள்.

“ஏய் பேச்சி, கொழுந்து ரோட்டுலயா மொளைக்குது?” என்று கங்காணி கத்தினார்.

“காரணத்தோடதான் பாக்குறேன், போங்க,” என்றாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் புருசனையும் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போனாள். போகிற வழியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னைக்கு ரோட்டுல எத்தன தடவ எறங்குனீங்க?”

“அத யாரு எண்ணுனா?”

“நான் எண்ணுனேன். என் கண்ணுக்குத் தெரிஞ்சது மட்டும் நாலு. நாலு தடவயும் சைக்கிள வலப்பக்கமாக் கல்லு மேல சாய்ச்சீங்க. அந்தக் கையி எந்தப் பக்கம் இருக்கு?”

மாயாண்டி நடையை நிறுத்திவிட்டான். குனிந்து பார்த்தான். அந்தக் கை வலப்பக்கந்தான் தொங்கியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை படுக்க வைக்கிற சைக்கிளை அவன் ஒரு நாளும் விழுந்த சைக்கிளாக நினைத்ததில்லை.

“இடப்பக்கம் தபால் பெட்டியில்ல கட்டியிருக்கு,” என்றான். “அது நசுங்கிறக் கூடாதுன்னுதான்...”

“கையில புடிச்சிக்கிட்டே நிக்கிறது.”

“தலக்கட்ட அவுக்க ஒரு கை, சலாம் போட ஒரு கை. மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?”

“அப்ப எறங்காதீங்க.”

அவள் அதை உப்பு வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாள். மாயாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான்.

“மெதுவாப் பேசு புள்ள. மேல் லயத்து இராமையா துரை காருக்கு எறங்கலன்னு என்ன பண்ணுனாங்க? சைக்கிளத் தலையில தூக்கிக்கிட்டு மூணு நாளு பெரட்டுக்கு வந்தான். ஊரே பாத்துச்சு.”

“நானும் பாத்தேன். அவருக்குப் பத்து மணித் தபாலு இல்ல. உங்களுக்கு இருக்கு.”

“எனக்குப் பயமா இருக்கு பேச்சி.”

“எனக்கும்தான் இருக்கு. எறங்குனா எப்படியும் கத்தியோட மலைக்குத்தான். எறங்காட்டி ஏன்னு கேப்பாங்க. கேட்டா பதில் சொல்ல வாயி இருக்குல்ல?”

பேக்டரியில் லியனார்ட் அந்த இரும்புக் கையைத் திரும்பவும் நிமிர்த்தினான். நிமிர்த்தும்போது டிக்கென்று ஒரு சத்தம். விளக்குப் பக்கமாகத் திருப்பிக் காட்டினான். கை மாட்டியிருந்த இரும்பின் ஓரத்தில் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு.

“அண்ணே, இனி நான் நிமிர்த்த முடியாது. இன்னொரு அடி பட்டா ஒடிஞ்சிரும். அக்கா குடுத்த தட்டு கம்பியக் காப்பாத்தும், இதக் காப்பாத்தாது. இந்தச் சாமான் கொழும்புலயும் கெடையாது.”

மாயாண்டி சைக்கிளை எங்கேயும் சாய்க்காமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். பேச்சியம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டியதை லியனார்டே சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ரயில் இருபது நிமிசம் பிந்தி வந்தது. மழைக்கு எங்கேயோ மண் சரிந்திருக்கிறது என்றார்கள். மாயாண்டி பையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியபோது ஸ்டேஷன் கடிகாரத்தில் ஒன்பது மணி பத்து நிமிசம். ஒரு தடவைகூட நிற்காமல் மிதித்தால் பத்து மணிக்குள் போய்விடலாம். நின்றால் முடியாது. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

பாலத்தடியில் செயினைப் பெரிய பல்லில் போட்டான். அது பதமாக ஏறி உட்கார்ந்தது. தட்டைத் தொடவே இல்லை. தூறல் முகத்தில் அடித்தது. கொஞ்சத் தூரத்தில் கண்டாக்கு அய்யா வழக்கம்போல் எதிரே வந்தார். மாயாண்டியின் கால் பழக்கத்தில் தரையைத் தேடியது. தேடிய காலைத் திரும்ப மிதிகட்டையில் வைத்து அழுத்தினான்.

“சலாமுங்க அய்யா!” என்று சைக்கிளிலிருந்தபடியே கையைத் தூக்கிவிட்டுப் போனான். கண்டாக்கு வாயைத் திறந்தபடி நின்றார். என்ன திட்டுவதென்று அவர் முடிவு பண்ணுவதற்குள் மாயாண்டி திருப்பத்தைத் தாண்டிவிட்டான்.

மூன்றாம் கட்டைக்கு மேலேதான் துரையின் கார் பின்னாலிருந்து வந்தது. சத்தத்திலேயே தெரியும். ஹார்ன் ஒரு தடவை அடித்தது. மாயாண்டியின் முதுகு கூசியது. இராமையா சைக்கிளைத் தலையில் சுமந்துகொண்டு பெரட்டுக்களத்தில் நின்ற கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பக்கத்தில் கான், வாழ்நாளெல்லாம் இறங்கி நின்ற கான். அதற்குள் இறங்கிவிட்டால் பயம் உடனே தீர்ந்துவிடும். ஹார்ன் இரண்டாம் தடவை அடித்தது. அவன் ரோட்டோரமாக ஒதுங்கினான், இறங்கவில்லை. கார் பக்கத்தில் வந்தபோது ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சலாம் போட்டான். கண்ணாடிக்குள் துரையின் சிவந்த முகம் அவனையே பார்த்தது. கார் மெதுவாகக் கூடவே வந்து, பிறகு உறுமிக்கொண்டு முன்னால் போனது. மேலே தேயிலைக்குள் நிரை பிடித்து நின்ற பெண்கள் கிள்ளிய கொழுந்தைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி மேலே பார்க்கவில்லை. கண்ணை ரோட்டிலேயே வைத்து மிதித்தான்.

ஆபீசுக்கு வந்தபோது துரையின் கார் வாசலில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணிக்கு இன்னும் நாலு நிமிசம். பெரிய கிளாக்கர் வெளியே வந்தார்; கண்ணாடி ஏற்கெனவே கையில் இருந்தது.

“துரையின்ர கார் வந்ததைக் கண்டனியோ?”

“கண்டேங்க அய்யா.”

“பிறகேன் இறங்கேல்லை?”

“எறங்கியிருந்தா நான் இப்ப மூணாங் கட்டையிலதான் நிப்பேங்க. ரயிலு இன்னைக்கு இருவது நிமிசம் பிந்தி வந்துச்சு. அய்யா மணியப் பாருங்க.”

கிளாக்கர் பார்க்காமலிருக்க முயற்சி பண்ணினார், ஆனால் பார்த்துவிட்டார். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இங்கிலீசில் பேச்சு நடந்தது. மாயாண்டிக்கு ஒரு சொல் விளங்கவில்லை. சைக்கிளைச் சாய்க்காமல் கையில் பிடித்தபடியே நின்றான். முட்டி வலித்தது. கிளாக்கர் திரும்பி வந்தபோது குரலைத் தாழ்த்தியிருந்தார்.

“துரை இண்டைக்குப் பெரிய மனசு பண்ணி உன்னை மன்னிச்சிட்டார். நாளைக்கு ஒழுங்கா இறங்கி நில்.”

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படித் தலையாட்டி வளர்ந்தவன்தான் அவன்.

“நாளைக்கும் எறங்க மாட்டேங்க அய்யா,” என்றான். “சலாம் போடுவேன். அதுல கொறவு வைக்க மாட்டேன். சைக்கிள்ல இருந்தே போடுவேன். நான் எறங்குனா தபாலு பிந்தும்ங்க. பத்து மணிக்குத் தபாலு வேணுமா, நான் கானுக்குள்ள நிக்கணுமா, ரெண்டுல எதுன்னு தொரகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அது வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்.”

கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உள்ளே பார்த்தார். உள்ளே கடிதம் கிழிக்கிற சத்தம் கேட்டது. “போ, போய் மற்ற டிவிசனுகளின்ர தபாலைக் குடு,” என்றார்.

சனிக்கிழமை காலையில் மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் கட்டைக்கு மேலே ரோடு ஒடுங்கும் இடத்தில் மாயாண்டி மிதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அதே கார்ச் சத்தம் வந்தது. அந்த இடத்தில் ஒதுங்க வழியில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஹார்னுக்காகக் காத்திருந்தான். ஹார்ன் வரவில்லை. ஏற்றம் முடிகிற வரைக்கும் துரையின் கார் மாயாண்டியின் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தது.